இறங்கிக்கொண்டே இருந்த கலப்பை

போன வாரம் பாலக்கோட்டில் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் புது டிராக்டர். கலப்பையைத் தூக்கிய நிலையிலேயே என்ஜினை நிறுத்தியிருந்தான். காபி குடித்து முடிக்கும்வரை என் கண் அங்கேயே இருந்தது.

"என்ன மாமா, அப்படிப் பாக்கறீங்க?"

கலப்பை இறங்குகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். இறங்கவில்லை, ஒரு விரற்கடைகூட. ஆனால் ஹைட்ராலிக் எண்ணெயின் அந்தக் காந்தலான வாசம் மட்டும் லேசாக வந்தது.

அந்த வாசம் வந்தால் எனக்கு வெள்ளைச் சட்டை ஞாபகம் வரும். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தருமபுரிப் பட்டறை ஒன்றில் மெக்கானிக். எண்ணெய்ப் பிசுக்கு வேலைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். படித்தவன் என்று தெரிய வேண்டாமா? பையில் பேனா வேறு. வண்டிக்கடியில் படுத்தால் அது கசிந்து, மார்பில் நீலமாக ஒரு பதக்கம் விழும்.

அந்தப் பதக்கத்தோடுதான் பென்னாகரம் சாலையில் இருந்த லூர்தம்மாளின் காட்டில் போய் இறங்கினேன். நாலு ஏக்கர் மானாவாரி, பல கை மாறி வந்த சின்ன டிராக்டர் ஒன்று. அதை ஓட்டுவது அவர் தம்பி சவரி. என் வயது, மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிளச்சை மிதித்தால், கலப்பையைத் தூக்கும் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும் வண்டி அது. தூக்கிய கலப்பை, திரும்புவதற்குள் தானாக இறங்கி, பக்கத்துக் காட்டு வரப்பைப் பெயர்த்திருந்தது.

"மழ பேஞ்சிருக்குது தம்பி. ஈரம் நாலு நாளைக்குத்தான் நிக்கும். வெதக்கடல உரிச்சு வெச்சிருக்கறேன், பாத்து செய்யுங்க" என்றார் லூர்தம்மாள்.

பம்பு போய்விட்டது என்று பார்த்தவுடன் சொன்னேன். காரணம் உண்டு. பரீட்சையில் எனக்குப் பம்புதான் வந்திருந்தது, முழு மதிப்பெண்.

"இன்ஜின நிறுத்தினாலும் எறங்குதுங்க சார். அப்ப பம்பு சும்மாத்தானே கெடக்குது?" என்றான் சவரி.

"அதெல்லாம் பிரஷர் சமாச்சாரம்பா" என்றேன். எனக்கே விளங்காத எதையும் அப்போது ஆங்கிலத்தில்தான் சொல்வேன்.

சேலம் போய்ப் பம்பு வாங்கி வர ஒரு நாள், மாட்ட ஒரு நாள். ஊரே பார்க்க லீவரை இழுத்தேன். கலப்பை விருட்டென்று எழுந்தது. என்ஜினை நிறுத்தினேன். அது நிதானமாகக் கீழே வந்து மண்ணில் உட்கார்ந்தது.

"முன்ன மெல்ல ஏறி மெல்ல எறங்குச்சு. இப்ப வெரசா ஏறி மெல்ல எறங்குது. முன்னேற்றந்தான்" என்றான் சவரி.

அன்று சாயங்காலம் வெட்கத்தை மறைக்க வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். என்ஜினை நிறுத்திய பிறகும் சுமை இறங்கினால் பம்பைத் தொடாதே, சிலிண்டருக்குள் பிஸ்டனின் ரப்பர் வளையத்தைப் பார் என்று போட்டிருந்தது. சவரி வாயால் சொன்னதுதான், அச்சில் இருந்தது. அச்சில் இருந்ததால் நம்பினேன். மறுநாள் மேல்மூடியைக் கழற்றினால், வளையம் நைந்து பிளந்து கிடந்தது. அதற்காக மறுபடியும் சேலம்.

நாலாம் நாள் மத்தியானம் உழவு ஆரம்பித்தது. தூக்கிய கலப்பை தூக்கியபடி நின்றது. இரண்டு ஏக்கர் விதைப்பதற்குள் ஈரம் போய்விட்டது. மீதி இரண்டு ஏக்கர் அந்த வருஷம் வெறும் கட்டாந்தரை.

"ஏண்டா இத்தன நாளு?" என்று லூர்தம்மாள் கேட்டபோது, சவரி என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ரப்பரு கெடைக்கலக்கா. சேலத்துலயே இல்லியாம். அவரு என்ன பண்ணுவாரு?"

நான் வாய் திறக்கவில்லை. பிரஷர் சமாச்சாரம் என்று சொல்லத் தெரிந்த வாய்.

கிளம்பும்போது லூர்தம்மாள் ஒரு பொட்டலம் கொடுத்தார். விதைக்க முடியாமல் போன கடலை, வறுத்தது. "அலஞ்சீங்களே, பஸ்ல தின்னுங்க தம்பி." தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அதன்பிறகு அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் காடு தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவேன். லூர்தம்மாள் காலமாகிவிட்டார். சவரி பெங்களூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. காட்டை மனை போட்டு, சாலையோரம் வரிசையாகக் கடை கட்டிவிட்டார்கள். இப்போது பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றுதான்.