முதல் வரியில் பிள்ளையார் சுழி

மயிலாப்பூரில் ஒரு கணக்கு டியூஷன் சாருக்கு வெப் பேஜ் செய்து கொடுக்கிறேன். பாடத்தை அவரே டைப் அடிப்பார். கணக்குக் குறிகளை எப்படிக் காட்டுவது என்று பிரவுசருக்குச் சொல்வதற்கென்றே வந்திருக்கிற புது டேக் எல்லாம் போட்டு, பிழை பார்த்துச் சொல்லும் தளத்துக்கு அனுப்புவது என் வேலை.

இன்று காலை, திறந்து கிடந்த டேக்கையெல்லாம் மூடினேன். ஒரு பிழை மட்டும் போகவில்லை. அதுவும் முதல் வரியிலேயே.

பார்த்தால், எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு ‘உ’.

“சார், இதை எடுத்துடலாமா?”

“பிள்ளையார் சுழியையா? அது இல்லாம நான் பஸ் டிக்கெட் பின்னாடிகூடக் கணக்குப் போட்டதில்லைப்பா.”

வாதாடிப் பயனில்லை. சுழியை கமென்ட்டுக்குள் வைத்தேன். ஃபைலில் இருக்கும், திரையில் தெரியாது. சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி அனுப்பினேன். பிழையே இல்லை என்று பதில் வந்தது.

“பார்த்தியா, அவரை உள்ள வெச்சதும் சரியாயிடுத்து!”

பெருமையாகப் பக்கத்தை பிரவுசரில் திறந்தேன். x ஸ்கொயரில் அந்த 2 தலைமேல் ஏறாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பின்னங்களில் கோட்டையே காணோம். இந்தப் புது டேக்கெல்லாம் பிரவுசருக்கு இன்னும் புரியாதாம்.

சார் திரைக்குக் கிட்டே குனிந்து தேடினார்.

“ஏம்ப்பா, கணக்கையும் கமென்ட்டுக்குள்ள வெச்சுட்டியா?”

இந்த டேக்கெல்லாம் புரிகிற பிரவுசர் இந்த மெயில் குழுவில் யாரிடமாவது இருந்தால் பதில் போடுங்கள். சாரை ஃப்ளாப்பியோடு அனுப்பி வைக்கிறேன்.