பாதித் தவணை கட்டிய கண்டக்டர்

1. ஆறு ரசீது

மூன்று தவணை பாக்கி விழுந்த ஒரு ஃபைலை மேனேஜர் என் மேசையில் போட்டு, "இன்னைக்கே போய்ப் பாரு" என்றார். விலாசம் கரமனை.

அப்போது நான் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் கலெக்‌ஷன் ஆள். போனக்காடு எஸ்டேட்டில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். லாரி கிளீனர், ஹோட்டல் சப்ளையர், விழிஞ்ஞத்தில் மீன் பெட்டி சுமப்பு என்று சுற்றிவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். பணம் கேட்டுப் போனால் சிலர் கதவைச் சாத்துவார்கள், சிலர் நாயை அவிழ்த்து விடுவார்கள். ரசீதுகளைக் கொண்டுவந்து என்னையே கேள்வி கேட்டவர் சுபா ஒருவர்தான்.

சுபா அரசு பஸ்ஸில் கண்டக்டர், பாறசாலைக்காரர். கணவர் விஜயன் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டினார். இருவரும் சேர்ந்து லோன் போட்டு வாங்கிய வீடு அது. ஆறு மாதம் முன்பு பிரிந்துவிட்டார்கள்.

"அண்ணே, நான் ஒரு மாசமும் முடக்கல. இந்தா ஆறு ரசீது. என் பாதி சரியாட்டு கட்டியாச்சு. மத்தப் பாதிய அவருகிட்ட போயி கேளுங்க."

"லோன்ல பாதின்னு ஒண்ணு கிடையாது மேடம். ரெண்டு பேருமே முழுசுக்கும் பொறுப்பு. ஆறு மாசம் பாதி கட்டினா மூணு தவணை பாக்கின்னுதான் கம்ப்யூட்டர் காட்டும்."

"பஸ்ஸுல ரெண்டு பேரு ஏறி ஒருத்தரு இறங்கிப் போனா, இருக்கவங்க ரெண்டு டிக்கெட்டும் எடுக்கணுமா?"

"இந்த வண்டியில அப்படித்தான்."

"கொள்ளாம், நல்லா இருக்கு உங்க வண்டி" என்றார். பிறகு ஒரு நோட்டை எடுத்துவந்தார். இப்படியே போனால் என்ன நடக்கும் என்று கேட்டார். நோட்டீஸ் வரும், அறுபது நாள் தருவார்கள், அதன் பிறகு வீடு ஏலத்துக்குப் போகும் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, திருப்பி என்னிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்த்தார்.

பிரிந்தவர்கள் பலர் செய்கிற தப்பு இது. நீ பாதி நான் பாதி என்று வீட்டுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். கடன் கொடுத்தவனிடம் யாரும் சொல்வதில்லை.

2. டீக்கடைப் பேச்சு

இரண்டு வீட்டாரும் கூடிப் பேசலாம் என்றார்கள். சுபா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் டியூட்டி பார்த்த பஸ் விழிஞ்ஞத்தில் பதினைந்து நிமிடம் நிற்கும். அங்கே டீக்கடைக்கு விஜயனை வரச் சொன்னார். கணக்குச் சொல்ல என்னையும் கூப்பிட்டார். யூனிஃபார்மில், டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விஜயன் என்னைப் பார்த்துப் பேசினார். "வீட்டுல இருக்கது அவ. நான் வாடகை ரூம்ல கிடக்கேன். நான் எதுக்கு அண்ணாச்சி கட்டணும்?"

"கட்டாட்டி வீடு போவும். உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்றார் சுபா.

"உன் அண்ணன் அன்னைக்கு என்னைப் பேசின பேச்சு இருக்கே..."

"அது வேற. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. லோனைப் பேசுங்க."

டிரைவர் ஹார்ன் அடித்தார். சுபா பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டார்.

இப்படி நான்கு டிரிப். முதல் நாள் சண்டைதான். இரண்டாம் நாள், பாக்கி நின்ற தொகை தன் பங்குதான் என்று விஜயன் ஏற்றார். மூன்றாம் நாள், வீடும், இனிமேல் வரும் தவணை முழுவதையும் கட்டும் பொறுப்பும் சுபாவுக்கு என்று முடிவானது. நான்காம் நாள், வீடு வாங்கும்போது விஜயன் முன்பணமாகப் போட்டதை இரண்டு வருடத்தில் பிரித்துத் தருவதாகச் சுபா எழுதிக் கொடுத்தார். குடும்பங்கள் கூடிய பேச்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லோனில் ஆரம்பித்துக் கல்யாண விருந்தில் பாயசம் குறைந்தது வரை போகும். இங்கே அதற்கெல்லாம் பஸ் நேரம் கொடுக்கவில்லை.

லோனைத் தனியாகத் தாங்க சுபாவின் சம்பளம் போதாது என்று மேனேஜர் கையை விரித்தார். சுபா வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டார். பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு மாறிக்கொண்டு, வாடகை ஒப்பந்தத்தோடு வந்தார். "எடோ, இவங்களை நம்ம ஆபீஸில வேலைக்கு எடுத்தாலோ?" என்றார் மேனேஜர். தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்.

3. பேனா

இனி வீட்டில் தனக்குள்ள பங்கைச் சுபாவுக்கு விட்டுக்கொடுத்து விஜயன் பத்திரம் எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் ஃபைலை மூட வேண்டும் என்ற அவசரத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸில் நான் நாள் குறித்தேன். லோனிலிருந்து விஜயனின் பெயரை எடுக்கச் சம்மதிக்கும் கம்பெனி லெட்டர் அதுவரை வரவில்லை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

குறித்த நாளில் ரிஜிஸ்டர் ஆபீஸில் விஜயன் பேனாவைத் திறந்தார்.

"இருங்க" என்றார் சுபா. "கம்பெனி லெட்டர் எங்க அண்ணே?"

"ரெண்டு வாரத்துல வந்துரும்."

"அப்பம் ரெண்டு வாரம் கழிச்சுப் போட்டா போதும்." விஜயனிடம் திரும்பினார். "இப்பம் போடாதீங்க. வீடு உங்க கையை விட்டுப் போவும், கடன் உங்க பேருலயே நிக்கும். நாளைக்கு நீங்க ஒரு வீடு வாங்கணும்னா ஒருத்தனும் லோன் தரமாட்டான்."

பத்திரம் எழுதியவருக்கு எரிச்சல். "உங்களுக்கு அனுகூலமான பத்திரம் அல்லவா அம்மா? போட்டுட்டுப் போகட்டுமே."

விஜயன் பேனாவை மூடினார். "இதுக்குள்ள என் மனசு மாறிப்போனா?"

"மாறினா மாறட்டு. ஒரு ஆளு விவரம் தெரியாம போட்ட கையெழுத்துல எனக்கு வீடு வேண்டாம்."

விஜயன் மனம் மாறினால் நான்கு டிரிப்பும் வீண். வீட்டில் பாதி கேள் என்று அவருடைய தம்பி தூண்டிக்கொண்டிருந்ததும் என் காதுக்கு வந்தது. பதினாறாம் நாள் லெட்டர் வந்தது. நானே விழிஞ்ஞத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விஜயன் தன் பெயரின் கீழே விரல் வைத்து இரண்டு முறை வாசித்தார். "அவ சொன்னது சரிதான்" என்றார். மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். கையெழுத்துப் போட்டார்.

இப்போது வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். பிரிந்தவர்களின் ஃபைல் வந்தால், லோனிலிருந்து பெயர் எடுக்கும் லெட்டர் முதலில், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து பிறகு. இதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்கள் ஃபைல் ஒரு மாதம் தள்ளிப் போனாலும். அன்று அதைச் சொல்ல வேண்டியவன் நான். சொன்னவர், சொன்னால் வீடே கைவிட்டுப் போகக்கூடும் என்ற நிலையில் இருந்தவர்.