நகம் வெட்டப் போன எப்சிபா

எப்சிபாவுக்கு ஓர் இடத்தில் அடங்கி உட்கார வராது. வங்காளத்து லேக் கார்டன்ஸ் வீட்டில் அடுப்பு வேலை முடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடுவாள், தட்டச்சு முடிந்ததும் ஜெபக்கூட்டத்துக்கு ஓடுவாள். ஊழியம் என்று யார் வாயைத் திறந்தாலும் அவள் கைதான் முதலில் உயரும். அதனால் தொண்ணூற்றெட்டில் தமிழ்ச் சபையின் பெண்கள் சங்கத்துச் செயலாளர் தேர்தலில் தானே ஜெயிப்போம் என்று நம்பியிருந்தாள். ஆறு மாதத்துக்கு முன் சபைக்கு வந்த ஒருத்தி ஜெயித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. "ஆண்டவருக்கு ஊழியம் செய்ய சங்கம் எதுக்குங்கேன்? நான் தனியாச் செய்யுதேன்" என்றாள் கணவர் தவசிமுத்துவிடம்.

"ஆண்டவருக்குத்தானா, அவளுக்குக் காட்டவா?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரைப் பிரித்தார். அந்தக் கேள்வி அவளைத் தூங்க விடவில்லை.

ஜாதவ்பூரில், பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்கான சின்ன இல்லம் ஒன்று இருந்தது. மறு சனிக்கிழமையே பைபிளும் பாட்டுப்புத்தகமுமாக அங்கே போய் நின்றாள். எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்றழைக்கும் பொறுப்பாளர் மீரா ஏற இறங்கப் பார்த்துவிட்டு வங்க மொழியில் சொன்னார்: "வாசிக்கவும் பாடவும் நிறையப் பேர் வருகிறார்கள். கால் நகம் வெட்டத்தான் யாரும் வருவதில்லை."

வெந்நீர் பேசினும் நகவெட்டியும் கைக்கு வந்தன. முதல் கிழவரின் நகம் மஞ்சளாய்த் தடித்துச் சதைக்குள் வளைந்திருந்தது. எப்சிபா அந்தக் காலை எடுத்து வெந்நீரில் வைத்தாள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியது நினைவுக்கு வந்தது. உடனே அந்தக் காட்சியில் தன்னையும் வைத்துப் பார்த்து மனம் குளிர்ந்தது. அதைத் தானே கண்டுகொண்டதும் முகம் சுட்டது. இப்படித்தான் சனிக்கிழமைதோறும் போனாள். கை வேலை செய்யும், உள்ளே ஒன்று குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருக்கும்.

ஜன்னலோரக் கட்டிலில் விஸ்வநாதன் இருந்தார். வங்கி அதிகாரியாக இருந்தவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. யாரையும் கிட்டே விட மாட்டார். அவள் தமிழ்க்காரி என்று தெரிந்ததும், "என்னம்மா, ஞானஸ்நானம் பண்ணிவைக்க வந்திருக்கேளா?" என்றார்.

"இல்ல சார். சபை எலெக்‌ஷன்ல தோத்துட்டு வந்தேன்."

இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவர் கோணிய வாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காலைத் தானே நீட்டினார்.

மூன்று வருஷம் கழித்து சங்கத்தார் வீடு தேடி வந்து, "நீங்கதான்க்கா செயலாளரா வரணும்" என்றார்கள். கூட்டம் சனிக்கிழமைகளில். ஆசையாகத்தான் இருந்தது. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். கடைசியில் முடியாது என்றாள். அவர்கள் படியிறங்கும்போதே, எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டோம் என்ற இனிப்பு உள்ளே ஊறியது.

"வேண்டாம்னு சொன்னதுலயும் எனக்குப் பெருமை வந்துட்டு, சார். என்ன செய்யட்டும்?" என்று விஸ்வநாதனிடம் புலம்பினாள்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? இடது கட்டைவிரல் குத்தறது, அதைப் பாரு."

இரண்டாயிரத்து மூன்று மழைக்காலத்தில் ஒரு காலை அவர் இறந்துபோனார். மீரா தீதியின் போன் வந்ததும் எப்சிபா விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள். பம்பாயிலிருந்து தம்பி மகன் வந்து சேர்வதற்குள் உடலைத் துடைத்து, வேட்டி கட்டி, பத்துக் கால்விரல் நகங்களையும் ஒழுங்காக வெட்டினாள். அவர் நெற்றியில் வழக்கமாக இட்டுக்கொள்ளும் விபூதியைத் தேடி எடுத்துத் தம்பி மகன் கையில் கொடுத்ததும் அவள்தான்.

திரும்பும் ஆட்டோவில்தான் உறைத்தது: உடலைத் துடைத்து நகம் வெட்டிய அந்த இரண்டு மணி நேரமும் தன்னைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை. அது உறைத்த மாத்திரத்தில், 'பரவாயில்லையே எப்சிபா' என்று உள்ளே ஒரு குரல் தட்டிக்கொடுத்தது. அந்த ஒரு நல்லதும் கெட்டுப்போயிற்று. அழுகையோடு சிரிப்பும் பீறிட்டது.

"கீ ஹோலோ, தீதி?" என்ன ஆச்சு என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கிச்சு நா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனாள். கணவர் ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பும்வரை போய்க்கொண்டேயிருந்தாள்.