விலை சொன்னவர் கேட்கக் கூடாது

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தெரிந்தால் போதும் என்பதால், பழைய கைக்கடிகாரம் சேர்ப்பது எனக்குத் தோதான பைத்தியம்.

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் ஒரு காப்பிக் கடையில், ஞாயிறு காலை என்னைப் போன்ற பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். யாராவது கடிகாரம் விற்க வந்தால், மூத்தவள் என்று முதலில் என்னிடம்தான் கொடுப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்து விலை சொல்வேன். மற்றவர்கள் தங்கள் தொகையைத் துண்டுத்தாளில் எழுதிக் காப்பித் தட்டுக்கு அடியில் வைப்பார்கள். அதிகம் எழுதியவருக்குப் பொருள். இந்த ஏலத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: விலை சொன்னவர் கேட்கக் கூடாது.

போன வருடம் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். கைக்குட்டையில் சுற்றியிருந்தது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் அப்பாவின் கடிகாரம்.

“பாட்டி, மழை வந்தா வீட்டுக்குள்ள கொடை பிடிக்கிறோம். கூரை மாத்துற அளவுக்கு வருமா?”

கண்ணில் லென்ஸை வைத்தேன். டயலை யாரும் தொட்டதே இல்லை. வெள்ளையாக இருந்தது வயதாகிக் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. எழுத்துகள் முடியைப் போல மெலிசு. அப்படி ஒன்றுக்காக இருபது வருடம் காத்திருந்தேன்.

“டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காங்கம்மா. எரநூறு வெள்ளி தாண்டாது லா.”

எதிரே இருந்த, கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி விடவில்லை. “நல்லா பாத்தீங்களாக்கா?”

“என் கண்ணு போயிருந்தா, ஒன் மூஞ்சிய வாராவாரம் பாக்குற கஷ்டம் எனக்கு இருக்காதே தம்பி.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், என்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மருமகனின் காலை மேசைக்கு அடியில் மிதித்தேன். அவர் புரிந்துகொண்டு இருநூற்று இருபது எழுதினார். வேறு யாரும் அவ்வளவு எழுதவில்லை.

போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உள்ளத சொன்னீங்க பாட்டி. வேற எடம்னா ஏமாத்தியிருப்பாங்க.”

அந்த வாரம் முழுக்க மழை. கடிகாரத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை, வாங்கிட்டு கட்டவே மாட்டேங்கிறீங்களே?” என்றார் மருமகன்.

“ஒங்க கால் வலி போகட்டும் மாப்பிள்ளை.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சுங்கை பாக்காப்புக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு நடுவில் ஒரு வாளி. பாதி நிறைந்திருந்தது. கடிகாரத்தைக் கையில் கொடுத்து, பொய்யையும், மிதித்த காலையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வாளியைக் கொட்டிவிட்டு வந்தாள்.

“இங்க சொல்லி என்ன பாட்டி? பொய்ய எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இதையும் அங்கயே வந்து சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு சொன்னேன். பாதியில் ஒரு வேடிக்கைப் பேச்சு வாய்வரை வந்தது, விழுங்கினேன். அந்தப் பெண் இருநூற்று இருபது வெள்ளியை என் காப்பித் தட்டுக்கு அடியில் வைத்தாள். கிராணி என் கையிலிருந்து லென்ஸை வாங்கி, விலை சொல்லப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அன்று கடிகாரத்தை ஏலம் எடுத்தது கிராணிதான். அவர் எழுதிய தொகையில் அவள் கூரை போட்டு, மிச்சமும் இருந்ததாம்.

இப்போது யாரும் என்னிடம் கடிகாரத்தைக் கொடுப்பதில்லை. கிராணி எனக்கு நேராகத்தான் உட்காருகிறார். வலது கைக்காரர், காப்பியை மட்டும் அந்தக் கடிகாரம் கட்டிய இடது கையால் தூக்குகிறார்.

“அக்கா, மணி என்னாச்சு? பாத்துச் சொல்லுங்களேன்.”

நான் பார்க்கிறேன். சரியாகவே சொல்கிறேன்.