முதல் பார்வை யார்மேல்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நேரே மாமல்லபுரம் போய், கல் பட்டறை ஜானகிராமனின் வலது கண்ணையே கேட்டுக்கொள்ளுங்கள். போன பங்குனியில், பட்டப்பகலில் நடந்தது இது.

அமெரிக்காவுக்குப் போகவேண்டிய கருங்கல் சிலை. அந்த நாட்டின் பழைய தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் எல்லாரும் சமம், ஆளுகிறவன் மக்களின் சம்மதத்தோடுதான் ஆளவேண்டும் என்றெல்லாம் எழுதிய பெரிய மனிதராம். அதைப் பீடத்தில் செதுக்கும்போது ஜானகிராமனுக்கே புல்லரித்தது. மனிதச் சிலைக்கு யாராவது சாஸ்திரப்படி கண் திறப்பார்களா? இவருக்கு மனசு கேட்கவில்லை. சாமி சிலைக்குச் செய்வதுபோலக் கண்ணைக் கடைசிக்கு வைத்துவிட்டார்.

கண் திறந்ததும் விழும் முதல் பார்வை பொல்லாதது. எதிரே நிற்பவர் கண்ணைப் பறித்துவிடும் என்று பட்டறைக்காரர்களுக்குப் பயம். அதனால் எதிரே கண்ணாடி வைப்பார்கள். அன்று கடற்காற்றில் கண்ணாடி விழுந்து நொறுங்கியது. வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பாலிஷ் போடும் தெய்வநாயகியைக் கூப்பிட்டார்.

"நீ எதிர்ல நில்லு."

"என் கண்ணு பூடுச்சுன்னா?"

"கல்லுக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான்."

"அப்ப நீயே நில்லேன் அண்ணாத்த!"

"உளிய யாரு புடிக்கறது? வேலைல இருக்கணும்னா நில்லு."

நின்றாள். வேறு வழி ஏது, பாவம்!

டொக்... டொக்... இடது கண்.

டொக்... வலது.

சுற்றியிருந்த பட்டறைகளில் உளிச் சத்தம் சட்டென்று நின்றது. காற்றும் நின்றது. மணி இரண்டேகால்.

கண்மணியை நேராகத்தான் செதுக்கியிருந்தார். இப்போது அது அவளைப் பார்க்கவில்லை.

பக்கவாட்டில்... ஓரமாக நின்ற அவரை...

பார்த்தது.

வலது கண்ணில் சுருக்கென்றது. அலறிவிட்டார்.

தெய்வநாயகிக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரியில் ஏற்றும்போது சிலையின் பார்வையும் நேராகவே இருந்தது. செங்கல்பட்டு டாக்டர், கண்ணில் கோளாறே இல்லை என்று அனுப்பிவிட்டார். ஆனால் இடது கண்ணை மூடினால் போதும்... எதிரே கூட்டம். வெறுங்காலோடு, வாய் திறக்காமல், இவரையே பார்த்துக்கொண்டு.

சிறுசேரியில் வேலை செய்யும் மகள் ஸ்வாதி, செல்போனில் தேடிப் படித்தாள்.

"நைனா, அந்தாளு அறுநூறு பேருக்கு மேல அடிமையா வெச்சிருந்தாராம். அடிமைத்தனம் தப்புன்னும் எழுதிகீறாரு. கறுப்பு ஆளுங்களுக்கு அறிவு மட்டம்னும் எழுதிகீறாரு. இன்னா மனுசன்! அடிமைப் பொண்ணு ஒருத்திகிட்ட அவருக்குப் பொறந்த புள்ளைங்களும் அடிமையாத்தான் வளந்துச்சுங்கன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க."

ஜானகிராமன் மெல்ல இடது கண்ணை மூடினார்.

"அதான்..."

"இன்னா நைனா?"

"முன்னால நிக்கற நாலு புள்ளைங்களுக்கும்... நான் செதுக்கின அதே மூக்கு."