வண்டி மூச்சு வாங்கும் நேரம்

தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும் நேரத்தில்தான் வாசலில் வண்டி வந்து நிற்கும். நிற்குமே தவிர அணையாது. அந்த டீசல் எஞ்சின் வேப்பமரத்தடியில் உறுமிக்கொண்டே இருக்கும். சமையலறை ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கும் கரண்டி லேசாக நடுங்கும். ஒரு நிமிடம் போல ஓடிவிட்டு, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு அணையும். அணைந்ததும் நான் மாவை ஊற்றுவேன். கார்க் கதவு சாத்தும் சத்தம், செருப்பு கழற்றும் சத்தம், தொட்டித் தண்ணீரில் கால் கழுவும் சத்தம் எல்லாம் முடிந்து எங்கள் வீட்டுக்காரர் தட்டின் முன்னால் வந்து உட்காரும்போது முதல் தோசை முறுகி இருக்கும். கடிகாரம் பார்த்துச் சமைத்தவள் இல்லை நான்.

வந்து நின்ற பிறகும் எதற்கு டீசலை எரிக்கிறாய் மாமா என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன். "இது டர்போ வண்டிமே. ஓடியாந்த சூட்டோட அணைச்சா உள்ள இருக்கற ஆயிலு கருகிப்பூடும். ஓடியாந்த ஆளு தொப்புனு படுத்தா நல்லதா? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கினு படுக்கட்டும்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. வண்டிக்கும் மூச்சு உண்டு என்பதை அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் மேனேஜருக்கு வண்டி ஓட்டியவர் அவர். வேலையை விட்டு நின்றபோது சொந்தமாக ஒரு வண்டி வேண்டும், அதுவும் மேனேஜர் வண்டி மாதிரி பின்னால் டிக்கி வைத்த நீளமான வண்டியாக வேண்டும் என்றார். கவரைப்பேட்டை பக்கம் பழைய வண்டி விற்கும் இடத்தில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று வெள்ளை, பெட்ரோல். இன்னொன்று சாம்பல் நிறம், டீசல். எங்கள் மகனுக்கு வெள்ளைதான் பிடித்தது. பளபளவென்று இருந்தது, உள்ளே சந்தன வாசனை வேறு. இவர் பானட்டைத் திறந்து, ஓரத்து போல்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். "மூஞ்சிக்கு மட்டும் பவுடர் பூசியிருக்குதுப்பா. எங்கியோ முட்டிக்கினு வந்திருக்குது" என்றார். பிறகு சாம்பல் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். பாட்டுக் கேட்பவர் மாதிரி தலை சாய்ந்திருந்தது.

நான் அதற்குள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சீட்டின் நடுவிலிருந்து ஒரு திண்டு மடங்கி இறங்கியது, கை வைத்துக்கொள்ள. மேனேஜர் சம்சாரம் இப்படித்தான் திண்டில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவார் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் கையை வைத்தேன். சரியாக இருந்தது. "இதுதான்" என்றேன். எஞ்சினை வைத்து அவர் எடுத்ததும் திண்டை வைத்து நான் எடுத்ததும் ஒரே வண்டி.

அன்றிலிருந்து நான் பின் சீட்டில் இடது பக்கம், அவர் முன்னால். தெருவில் சிரித்தார்கள். "இன்னாக்கா, புருசனையே டிரைவரா வெச்சிக்கினு போற" என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள். "ஆமா, உனக்கு முடிஞ்சா நீயும் வெச்சிக்கோ" என்றேன். மேனேஜர் சம்சாரத்தை அத்தனை வருஷம் சுமந்த மனுஷன் என்னைச் சுமப்பதில் என்ன கேவலம்? அவருக்கும் அதில் பெருமைதான். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மேடம், எங்க போகணும்?" என்று கேட்பார். ஓட்டக் கற்றுத் தருகிறேன் வா என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். டிரைவர் இருக்கும்போது எனக்கு எதற்கு ஸ்டீரிங் என்று சொல்லிவிட்டேன். அதைத் தப்பு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் வண்டி வைத்துக்கொள்வது சுலபமில்லை. உருக்காலைப் புகையோடு வரும் இரும்புத் தூள் ராத்திரியெல்லாம் வண்டிமேல் இறங்கும். பனி பட்டால் அது துருப்பிடித்துப் பொட்டுப் பொட்டாகச் சிவந்துவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி பெயின்ட் போய்விடும். அதனால் தினமும் காலையில், நாஷ்டாவுக்கு முன்னால், முதலில் தண்ணீரை ஊற்றி ஓடவிடுவார். தூள் எல்லாம் போன பிறகுதான் துணி தொடும். என் பட்டுப்புடவையைக்கூட நான் அப்படி வைத்துக்கொண்டதில்லை. எஞ்சின் கெட்டுப்போகக் கூடாது என்று தினமும் சாயங்காலம் ஹைரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வருவார்.

இன்னொரு தொல்லை, எங்கள் தெருமுனை வேகத்தடை. டிரெய்லர் லாரிகளுக்குப் பயந்து ஆளுயரத்துக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வண்டியோ தாழ்ந்த வண்டி. அவரும் நானும் மட்டும் போனால் தட்டாது. பின் சீட்டில் பாரம் கூடினால் அடிவயிறு கரகரவென்று உரசும். அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், அவரையே யாரோ கீறின மாதிரி. அதனால் கல்யாணத்துக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும் தெருமுனையில் எல்லாரும் இறங்கவேண்டும். பட்டுப்புடவையும் பூவுமாக நாங்கள் வேகத்தடையை நடந்து தாண்டுவோம், அந்தப் பக்கம் வண்டி காத்திருக்கும். "வண்டில போறாங்களாம் வண்டில" என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வது காதில் விழும்.

அது ஆடி மாதம். அம்மன் கோயிலில் தீமிதி. ஷிப்டுக்குப் போனவர்கள் போக, தெருவில் மிச்சமிருந்த ஆண்கள் எல்லாம் கோயிலில் இருந்தார்கள். மகனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை, வீட்டுக்கு வர நேரமாகும். பம்பை சத்தம் அங்கிருந்து இங்கே வரைக்கும் கேட்டது. நான் கல்லைப் போட்டேன். வண்டி வந்து நின்றது. தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்று போய்விட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தெளித்தேன், அதுவும் போய்விட்டது. கரண்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. அது நிற்காததால்தான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன்.

சட்டையெல்லாம் நனைந்து, சீட்டில் சாய்ந்திருந்தார். ஒரு கை கியர்மேல் இருந்தது. "நெஞ்ச அழுத்துதுமே" என்றார். பிறகு, "நீ பின்னாடி ஏறு. ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிக்கினு போறேன்" என்றார். கியரைத் தள்ளப் பார்த்தார். கை கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்தாள், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பிறகு டிரைவிங் தெரிந்த யாரையாவது கூட்டிவருகிறேன் என்று கோயில் பக்கம் ஓடினாள். ஆம்புலன்ஸ் வந்தது, சீக்கிரமாகத்தான் வந்தது. ஆனால் அது வருகிற வரைக்கும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த நேரமெல்லாம் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. விளக்கு எரிந்தது, டீசல் இருந்தது, ரோடு இருந்தது. எல்லாம் தயாராக நின்றது. என் கைக்குள் இருந்த கை மட்டும் மெல்ல மெல்லக் கனத்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்களில் யாரோ ஒருவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி அணைந்தது. அந்த ஆளின் முகம் எனக்கு ஞாபகமில்லை. சாவியைத் திருப்பிய கை ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. காலையில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் ஆனால், கல் காயும் நேரத்துக்கு, ஜன்னலில் கரண்டி நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். லாரி போயிருக்கும் என்றான் மகன். லாரி போனால் எனக்குத் தெரியாதா?

"பேஜாரு பண்ணாதம்மா. வண்டிக்கு வயசாயிடுச்சு. எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு புதுசு எடுத்துக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. புது வண்டிகள் இரண்டைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனான். முதல் வண்டியில் ஏறிப் போனோம். சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானே செத்துப்போனது. நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். "பெட்ரோல் மிச்சம்மா, பிரேக்லேந்து கால எடுத்தா திரும்ப ஓடும்" என்று கடைப் பையன் சிரித்தான். இது வேண்டாம் என்றேன். இரண்டாவதிலும் அதே வித்தைதான், ஆனால் வேண்டாமென்றால் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருந்தது. சரி என்றேன். ஆனால் மகனிடம் ஒன்று சொல்லிவிட்டேன். "பழசைக் குடுக்கறதுக்கு முன்னாடி, இந்த வண்டி, அந்த ஆஸ்பத்திரி ரோடு, என் கை. ஒரே ஒரு தபா. அப்பறம் எடுத்துக்கினு போ."

அவன் என்னை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ரோட்டோரப் பலகைகளில் எழுத்தைவிடப் படம்தான் அதிகம், அதனால் தப்பித்தேன். சொல்லிக்கொடுத்தவள் சின்னப் பெண். "கிளட்ச்ச மெதுவா வுடு ஆயா, அம்மிக்கல்லா அது" என்றாள். "ஆயான்ற வேலையெல்லாம் வேணாம். மேடம்னு கூப்டு" என்றேன். அதிலிருந்து மேடம்தான். லைசென்ஸ் வந்த பிறகு எங்கள் வண்டியில் கம்பெனி ரோடுகளில் ஓட்டிப் பழகினேன். அவர் சீட்டில் எனக்குக் கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லாரிகள் குறைவாக இருக்கும் நேரத்தில் கிளம்பினேன். மகன் பைக்கில் பின்னால் வந்தான். வண்டியில் நான் மட்டும். ஏறுவதற்கு முன் பின் கதவைத் திறந்து, சீட்டின் நடுவிலிருந்த திண்டை இறக்கிவைத்தேன். இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. தெருமுனை வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏற்றினேன். கரகரவென்று உரசியது.

பின்னால் பாரம் இருந்தால்தான் உரசும் வண்டி அது. கண்ணாடியில் பார்க்கவில்லை நான். பார்க்காமலே ஓட்டினேன். ஸ்பிரிங் தேய்ந்திருக்கும் என்று அப்புறம் மகன் சொன்னான். இருக்கலாம்.

ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நின்ற மாத்திரத்தில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்படி ஓடிவருவார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒருவர் பின் கதவைத் திறந்தார். குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய் முன் கதவையும் திறந்தார்.

"பேஷண்டு எங்கம்மா?"

"லேட்டா வந்துட்டேம்ப்பா" என்றேன்.

இளையவர் என்னவோ கேட்க வாயெடுத்தார். பெரியவர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். முன் கதவைச் சாத்தினார். பின் கதவையும், உள்ளே ஆள் தூங்குகிற மாதிரி, சத்தம் வராமல் சாத்தினார். ஸ்ட்ரெச்சர் காலியாகத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு நிமிடமும் வண்டியை ஓடவிட்டேன். மூச்சு வாங்கட்டும் என்று. பிறகு சாவியைத் திருப்பினேன். இந்தத் தடவை என் கை.

மறு வாரம் வண்டியை எடுத்துப்போனார்கள். இப்போது வேப்பமரத்தடியில் புதுசு நிற்கிறது. மகன்தான் ஓட்டுகிறான். அந்த ரோடு மட்டும் நானும் ஓட்டுவேன், அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். சாயங்காலம் அவன் வந்து நிறுத்தினால் சத்தமே இருக்காது, வந்ததும் தெரியாது, அணைந்ததும் தெரியாது. "தோச ஊத்துமா" என்பான். "இரு" என்பேன். கல் காய்ந்துதான் இருக்கும், தெளித்த தண்ணீரும் போயிருக்கும். மாவுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். வாசலில் ஒரு சத்தமும் இருக்காது. ஆனால் அந்தச் சாம்பல் வண்டி அணைகிறபோது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம்தான் ஊற்றுவேன்.