நாற்பத்தேழில் பதினைந்து சீட்டு

எனக்கு இப்போது எண்பத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் ஆறு என்றுதான் சொல்லுவேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி எழுத வரும். எழுதியதைத் திரும்ப வாசிக்க என் கண்ணும் விடாது, என் எழுத்தும் விடாது. ஆனால் எண்ணுவதில் என்னை ஒருவரும் வென்றதில்லை. சீட்டிலும் அப்படித்தான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமை இல்லாதவள் மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது.

ஊரில் நானும் என் மனுசனும் முந்நூற்றிநாலு ஆடுவோம். நாலு பேர் ஆடும் ஆட்டம் அது. எதிரில் இருப்பவர் உன் பக்கம், இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் மற்றப் பக்கம். ஆட்டம் நடக்கும்போது தன் பக்கத்து ஆளோடு கதைக்கக் கூடாது. மற்றவர்கள் காதைச் சொறிந்து, செருமிச் சைகை காட்டுவார்கள். நாங்கள் அதுவும் செய்வதில்லை. அவர் ஒரு சீட்டைப் போடும் விதத்திலேயே அவர் கையில் மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் வாய் திறக்காமல் ஆடினோம். “இதுகள் ரெண்டும் ஒரே தலையாலை யோசிக்குதுகள்” என்று சனம் சொல்லும். அந்தச் சொல்லை நான் நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

எண்பதுகளின் நடுவில், ஊரில் சண்டை மூண்டபோது, டென்மார்க்குக்கு வந்தோம். வைலே நகரத்தில், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் கரையில் பழைய விடுதி ஒன்று இருந்தது. வந்த சனத்தை அதில் வைத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஐந்து பிள்ளைகளும் இரண்டு அறையில் இருந்தோம். மூன்றாவது மகன் மட்டும் கொழும்பில் நின்றான். அவனுக்குப் பத்தொன்பது வயது. பாஸ்போட் நேரத்துக்கு வரவில்லை, அதனால் அவனை ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு வந்தோம். பின்னால் வரும் ஆட்களோடு ஏற்றிவிடுகிறேன் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான்.

விடுதியில் செய்வதற்கு வேலை இல்லை. விசாக் கடிதம் வரும்வரை சாப்பிடுவதும் படுப்பதும்தான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள டெனிஸ்காரக் கிழவர் ஒருவர் இருந்தார். முந்திக் கப்பலில் வேலை செய்தவர். பின்னேரங்களில் சாப்பாட்டு அறையில் கோப்பிப் போத்தலோடு உட்கார்ந்து எங்களுக்குப் போக்கர் காட்டித் தந்தார். அவரும், அவர் சொல்வதை அரைகுறை இங்கிலீசில் பிடித்து எங்களுக்குச் சொல்லும் மன்னார்க்காரத் தம்பி ஒருவனும், நாங்கள் இரண்டு பேருமாக நாலு பேர். என் மனுசன் வழமைபோல எனக்கு எதிரில்.

ஆளுக்கு ஐந்து சீட்டு. பார்த்துக் காசு வைக்க வேண்டும். பிறகு வேண்டாததை எறிந்துவிட்டு, எறிந்த அளவுக்குப் புதுச் சீட்டு எடுக்கலாம். திரும்பவும் காசு வைத்து, கடைசியில் விரித்துக் காட்ட வேண்டும். அவரவர் தனக்காக ஆடுவது. எதிரில் இருப்பவரும் எதிரிதான். இதை அந்தக் கிழவர் கையைக் காட்டி எத்தனையோ தரம் சொல்லியும் எங்களுக்கு உடம்பில் ஏறவில்லை. என் மனுசன் காசைக் கூட்டினால் நான் என் சீட்டை மடக்கிவிடுவேன், எங்கள் பக்கம் வெல்லட்டும் என்று.

“அக்கா, இது உங்கட வீட்டு ஆட்டம் இல்லை. புருசனையும் அடிக்கலாம்” என்றான் மன்னார்த் தம்பி.

“அதுக்குச் சீட்டு எதுக்கு?” என்றேன். கிழவருக்கு மொழி விளங்காவிட்டாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

வைக்கும் காசு பத்துச் சதக் குற்றிகள். பின்னேரம் முழுக்கத் தோற்றாலும் ஒரு பாண் விலை வராது. அதனாலேயே ஒருவரும் பயப்படமாட்டார்கள். கப்பலில் பெரிய காசுக்கு ஆடியபோது, பாதிக் கையை வைத்துக்கொண்டு காசைக் கூட்டினால் மற்றவர்கள் பயந்து மடக்குவார்களாம். எங்கள் மேசையில் அது நடக்காது. பத்துச் சதத்துக்கு யார் மடக்குவார்கள்? எல்லாரும் கடைசி மட்டும் இருந்து பார்ப்பார்கள். இது எனக்கு ஒரு கிழமையில் விளங்கிவிட்டது. பயமுறுத்தி வெல்ல முடியாத இடத்தில், வரக்கூடிய சீட்டு எத்தனை என்று எண்ணித்தான் இருக்க வேண்டும். ஒரே சாதியில் மூன்று சீட்டு இருந்தால் ஆசைப்படாமல் எறிவேன். நாலு இருந்தால் இருப்பேன். நாலும் அடுத்தடுத்த எண்ணாகவும் இருந்தால் அதுதான் நல்ல கை. இன்னும் ஆகாத கை, ஆனால் ஆகப்போகிற கை. கிழவர் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட முன்னம் நான் விரலில் சொல்லிவிடுவேன். அவர் தொப்பியைக் கழற்றி எனக்குக் குனிவார்.

இன்னொன்றும் சொன்னார். இந்த ஆட்டத்தில் எந்த நேரமும் எழும்பலாம். முன்னால் கிடக்கும் காசை எடுத்துக்கொண்டு போகலாம், ஒருவரும் தடுக்க முடியாது.

மகன் கொழும்பில் இருந்து வியாழக்கிழமைகளில் மூன்று மணிக்கு டெலிபோன் எடுப்பான். விடுதிக்கு ஒரேயொரு டெலிபோன், நடையின் மறு அந்தத்தில். சாப்பாட்டு அறைக் கதவு குளிருக்குச் சாத்தியே கிடக்கும், மணி கேட்காது. நேரத்துக்கு முன்னரே போய்ப் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும். வேறொருவருக்கு வரும் அழைப்பை அங்கே யாரும் எடுப்பதில்லை. நாட்டில் இருந்து என்ன செய்தி வருமோ, அதை முதலில் கேட்டவராக இருக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

நான் சொல்ல வந்த வியாழனுக்கு முந்தின வியாழன் நான்தான் எடுத்தேன்.

“அம்மா, அடுத்த கிழமை வெள்ளி ஆக்கள் வெளிக்கிடுகினம். எனக்கும் இடம் இருக்காம். ஆனால் என்ரை சேர்டிபிக்கற் ஊரிலையெல்லோ கிடக்குது. ஒருக்காப் போய் எடுத்துக்கொண்டு அடுத்த ஆக்களோடை வரட்டே?”

“ஒண்டும் வேண்டாம், நீ வா.”

“அது இல்லாமல் அங்கை வந்து என்ன செய்யிறது, கோப்பை கழுவிறதோ?”

“கோப்பை கழுவினாலும் என்ரை கண்ணுக்கு முன்னாலை கழுவு.”

அவன் சிரித்தான். “அப்பாவைக் கேளுங்கோ. அடுத்த வியாழன் எடுப்பன். அப்பா ஓம் எண்டால் அடுத்த நாளே வாறன்.”

தகப்பன் ஓம் என்று சொல்ல ஆறு நாள் எடுத்தது. படித்த பிள்ளை, சேர்டிபிக்கற் இல்லாமல் வரக்கூடாது என்று நின்றார். நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். புதன்கிழமைதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சரி. வரட்டும்.” அதை அவனுக்கு யார் சொல்வது என்று நாங்கள் கதைக்கவில்லை. மகன் கேட்டது தகப்பனின் வாயால் ஒரு ஓம். அதனால் அவர்தான் எடுப்பார் என்று நான் நினைத்தேன். முந்தின கிழமை எடுத்தவள் நான், அதனால் நான்தான் எடுப்பேன் என்று அவர் நினைத்தார். இதை அறிந்தபோது பிந்திவிட்டது.

அந்த வியாழன் மத்தியானத்துக்குப் பிறகே ஆட்டத்தில் இருந்துவிட்டோம். எனக்கு ஒரு கையும் சரிவரவில்லை. எல்லாவற்றையும் எறிந்துகொண்டே இருந்தேன். தம்பி பகிடி பண்ணினான்.

“அக்கா இண்டைக்குச் சீட்டுப் பிரிக்க மட்டும் வந்திருக்கிறா.”

“பொறு தம்பி, உனக்குப் பிறகு இருக்கு.”

சுவர் மணிக்கூட்டில் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது கிழவர் சீட்டைப் போட்டார். எடுத்துப் பார்த்தேன். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. நாலும் சிவப்பு இதயம். ஐந்தாவது ஒரு கறுப்பு இராசா. முந்நூற்றிநாலில் ஆறைக் கட்டிலேயே சேர்க்கமாட்டோம், குப்பைச் சீட்டு. இங்கே அது என் கையில் இருந்து பார்த்துச் சிரித்தது.

எண்ணினேன். நான் பார்க்காத சீட்டு நாற்பத்தேழு. மிச்ச இதயம் ஒன்பது. வேறு சாதி ஐந்து மூன்று, பத்து மூன்று. பதினைந்து சீட்டு எனக்காகக் கட்டுக்குள் இருந்தது. மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. தம்பி காசு வைத்தான், கிழவர் கூட்டினார். இரண்டு பேர் நிற்கும்போது இந்தக் கையை எறிபவளுக்கு ஆடத் தெரியாது. நான் திரும்பக் கூட்டினேன்.

என் மனுசன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையை ஆட்டி எழும்பினார். எனக்கு எல்லாம் விளங்கியது. நீ ஆடு, நான் போய் மகனோடு கதைக்கிறேன் என்கிறார். நானும் தலையாட்டினேன். என்ன சொல்வதற்கு இருந்தது? இருபத்தைந்து வருடம் இப்படித்தானே ஆடினோம்.

அவர் கதவைத் திறந்து வெளியே போனார். நான் கறுப்பு இராசாவை எறிந்தேன். தம்பி எத்தனை எடுப்பது என்று மூக்கைச் சொறிந்து சொறிந்து யோசித்தான். கிழவர் தன் புகையிலைப் பைப்பைத் தட்டினார். “றோலி, றோலி” என்றார் என்னைப் பார்த்து. அமைதி, அமைதி என்று அர்த்தம். நான் குற்றிகளை அடுக்குவதும் குலைப்பதுமாக இருந்தேன். மூன்று மணி ஆகிவிட்டது. ஒரு சீட்டு என் பக்கம் வழுக்கி வந்தது. அதை எடுக்காமல் மேசையிலேயே வைத்து ஓரத்தை மட்டும் தூக்கினேன்.

பத்து. இதயம்.

ஐந்தும் ஒரே சாதி, ஐந்தும் வரிசை. கப்பலில் இருந்த காலம் முழுக்க இரண்டே தரம் கண்டதாகக் கிழவர் சொன்ன கை. விரித்து வைத்தபோது அவர் கதிரை விழ எழும்பிக் கை தட்டினார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். நான் இரண்டு கையாலும் குற்றிகளை வளைத்து என் பக்கம் இழுத்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் பிறகு ஒரு நாளும் இருக்கவில்லை. வெளியே போனவர் மகனோடு கதைத்துவிட்டு வருவார், அவருக்குக் காட்ட வேண்டும் என்று அந்த ஐந்து சீட்டையும் கையில் பிடித்தபடி இருந்தேன்.

கதவு திறந்தது. அவர் ஈர உடுப்புக் கூடையோடு நின்றார். அன்றைக்கு மூன்று மணிக்கு எங்கள் அறைக்கு உடுப்புத் தோய்க்கும் மெசின் முறை. அதை எடுக்கப் போயிருக்கிறார்.

“என்னவாம்?” என்றார். “எப்ப வெளிக்கிடுறானாம்?”

“என்னட்டையோ கேக்கிறியள்?”

கூடையை அவர் கீழே வைக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு நடையால் ஓடினார், நான் பின்னால் ஓடினேன். டெலிபோன் சும்மா கிடந்தது. பக்கத்து அறைப் பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்து சொன்னாள்: “ரெண்டு தரம் அடிச்சதக்கா. கனநேரம் அடிச்சது.”

அந்தக் கதிரையில் இருட்டும்வரை இருந்தோம். தரையில் கூடையில் இருந்து தண்ணீர் ஒழுகி ஓடியது. நாங்கள் எடுக்க வழி இல்லை. லொட்ஜில் டெலிபோன் கிடையாது. வேறு ஆளைப் பிடித்துச் செய்தி போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை. ஒருவரும் எடுக்காததால் அப்பா இன்னும் ஓம் சொல்லவில்லை என்று எண்ணிவிட்டானாம். சேர்டிபிக்கற்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று லொட்ஜ்காரரிடம் சொல்லி வெள்ளிக்கிழமை காலமை பஸ் ஏறியிருக்கிறான். வவுனியாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இளம் பெடியளை இறக்கினார்களாம். பஸ் பிறகு போனது. இறக்கப்பட்டவர்கள் திரும்ப ஏறவில்லை.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இன்றுவரைக்கும் அவ்வளவுதான்.

முதல் வருடம் அவன் எங்கெங்கே இருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணுவேன். ஏதும் மறியல் சிறையில் இருக்கலாம். காட்டுப் பக்கம் ஓடியிருக்கலாம். வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போயிருக்கலாம். யாரோ ஒரு வீட்டில் நோயாகக் கிடக்கலாம். பதினைந்துக்கு மேல் வரும். வருடம் போகப் போக ஒவ்வொன்றாகக் குறைந்தது. மூத்தவன் கடதாசி கொண்டுவந்து, இறந்ததாகப் பதிவோம் அம்மா என்றான். நான் கையெழுத்து வைக்கவில்லை. எண்ணுவதற்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். எண்ணத் தெரிந்தவள்தானே. ஆனாலும் வைக்கமாட்டேன்.

என் மனுசன் என்னை ஒரு சொல் கேட்கவில்லை, நீ ஏன் போகவில்லை என்று. நானும் கேட்கவில்லை. ஏசியிருந்தால், ஒரு அடி அடித்திருந்தால் நல்லது. இரண்டு பேரும் அந்தக் கெட்டிக்காரத்தனமான மௌனத்தோடேயே கிழடானோம். சாப்பாட்டு மேசையில் அவர் எனக்கு எதிரில் இருப்பதை விட்டுவிட்டார். பக்கத்தில் இருப்பார். கிழவர் பிறகு எங்கள் முன்னால் சீட்டுக் கட்டை எடுக்கவே இல்லை. மன்னார்த் தம்பி சில்க்போர்க்குக்கு வேலைக்குப் போனவன், போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தக் கையைப் பற்றி அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பதினொரு வருடத்துக்கு முந்தி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெயில் அடித்த ஒரு காலமை. தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சேர், அண்டைக்கு உனக்கு அந்தச் சீட்டு வந்ததோ?”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

“வரேல்லை” என்றேன்.

“ஐயோ, அதுகும் வரேல்லையோ” என்று என் கையை எடுத்துத் தடவினார். தோடம்பழத்தைப் பாதியில் வைத்துவிட்டேன், அவர் தடவிக்கொண்டே இருந்தார். அந்த இரக்கத்தை நான் பொய் சொல்லி வாங்கினேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சமையலறை மேசையில் ஒரு மாதமாக இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறாள். டெனிசில் ஏதோ கேட்கிறாள், சாப்பிட்டாயா என்றுதான் இருக்கும்.

“சாப்பாடு பிறகு. இஞ்சை வா, இந்தக் கொப்பியைப் பிடி. முதல்லை இருந்து உரத்து வாசிச்சுக் காட்டு, பிள்ளை. பத்து வந்த இடத்திலை என்ரை முகத்தைப் பாக்காதை. நிப்பாட்டாமல் வாசி.”